தண்ணீரில் நின்றது, அடிபட்டது, மீட்டர் திருத்தியது: மூன்று பழைய கார்களில் எதை வாங்கலாம்?

அக்கா மகனுக்கு முதல் கார். கையில் நாலேகால் லட்சம். வீடு குரோம்பேட்டையில், வேலை ஒரகடத்தில், வீட்டில் கைக்குழந்தை. நிறைய வண்டி பார்த்துக் கழித்தபின் மூன்று மிஞ்சின. மூன்றும் சந்தை விலையைவிடக் குறைவு. மூன்றுக்கும் பின்னால் ஒரு பழைய கதை.

முதலாவது 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். டி.என். 14, அதாவது சோழிங்கநல்லூர் பதிவு. ஆனால் நிற்பது சேலத்தில், பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில். கேட்கும் விலை 3.90 லட்சம். இரண்டாவது 2018 ஐ20 பெட்ரோல். ஓனரே நேரடியாக விற்கிறார், முன்பக்கம் இடித்துச் சரிசெய்தது, 4.30 லட்சம். மூன்றாவது 2017 எடியோஸ் டீசல். செகண்ட் ஓனர், மீட்டரில் 78,000 கிலோமீட்டர், 3.60 லட்சம்.

எல்லோரும் முதலில் விலையையும் மாடல் வருஷத்தையும் ஒப்பிடுவார்கள். கதை உள்ள வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. நான் முதலில் கேட்பது இதைத்தான்: வண்டிக்கு நடந்த கெடுதல் அன்றோடு முடிந்துவிட்டதா, இல்லை உள்ளே இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? முடிந்துபோன கெடுதலுக்கு பில் இருக்கும், கண்ணால் பார்க்கலாம், விலையில் கழிக்கலாம். நடந்துகொண்டிருப்பதற்கு எவ்வளவு கழிப்பது?

ஸ்விஃப்டில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவனுக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெள்ளை நிறம், உள்ளே புது சீட் கவர், புது மேட். "மாமா, இதே வண்டி சென்னையில அஞ்சே காலுக்கு மேல. ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல மிச்சமாகுதே" என்றான். மிச்சம்தான். ஆனால் சோழிங்கநல்லூர் வண்டி சேலத்துக்கு ஏன் போனது என்று யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பது தெரிந்ததே. அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வெள்ளம் பார்த்த வண்டியை வெள்ளம் பார்த்த ஊரிலேயே விற்க முடியாது. வாங்குபவர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். அதனால் கேட்காத ஊருக்குப் போகிறது.

பதிவு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர்கள் அந்த ஊரில் ஏராளம். அவர்கள் வண்டி நன்றாகவே இருக்கும். ஆகவே வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது பழைய வழி. சுருளுக்குள் கிடக்கும் கடைசிச் சாணில் சேற்றுக் கோடு தங்கிவிடும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. முன் பெல்ட் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அப்புறம் அடியில் தைத்திருந்த லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தயாரிப்பு 2024. வண்டியோ 2019. விபத்தே இல்லை என்று சொல்லும் வண்டிக்கு இரண்டு பெல்ட்டையும் ஏன் மாற்றினார்கள்? பின் சீட் பெல்ட்டை இழுத்தோம். கடைசியில் காக்கி நிறத்தில் மெல்லிய கோடு. டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி டார்ச் அடித்தால், சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட் நான்கிலும் துரு. ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, சற்று நேரம் உள்ளேயே உட்கார்ந்ததில் சென்ட் வாசனைக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கு வாடை வந்தது.

தண்ணீர் எதுவரை ஏறியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டயர் பாதிவரை நின்றிருந்தால் பயமில்லை. பிரேக்கையும் பேரிங்கையும் பார்த்தால் போதும். தரை கார்ப்பெட்டைத் தொட்டுவிட்டால் கதையே வேறு. கார்ப்பெட்டுக்கு அடியில் வயரிங் ஓடுகிறது. பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை இயக்கும் மாட்யூல் கியர் லீவருக்குப் பக்கத்தில், கிட்டத்தட்டத் தரை மட்டத்தில்தான் இருக்கும். கனெக்டருக்குள் போன சேற்றுத் தண்ணீர் பித்தளைப் பின்னைப் பச்சை பூக்க வைக்கும். அது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆறு மாதம் கழித்து பவர் விண்டோ நிற்கும், அப்புறம் மீட்டரில் விளக்கு எரியும், மெக்கானிக் ஒரு வயரைச் சரிசெய்வார், அடுத்த மாதம் வேறொன்று. எஞ்சினுக்கும் ஆபத்து உண்டு. தண்ணீரில் நிற்கும்போது யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போய் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். லேசாக வளைந்த ராடு வைத்தும் வண்டி ஓடும், ஒருநாள் வரை.

இப்படிப்பட்ட வண்டி சந்தைக்கு வரும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரிப்பேர் செலவு, பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடித்து ஓனருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவி, காயவைத்து, தேவையான அளவுக்கு மட்டும் செலவழித்து, அதே ஆர்.சி., அதே நம்பரோடு விற்பதும் உண்டு. இந்த ஸ்விஃப்ட் அப்படி வந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டியது என் வேலையும் இல்லை. 2023 டிசம்பர் முதல் 2024 டிசம்பர் வரையிலான இன்சூரன்ஸ் காப்பியைக் கேட்டேன். "அது பழைய ஓனர்கிட்ட இருக்கும் சார்" என்றார்கள். அங்கேயே அது முடிந்தது. இன்னும் ஐம்பதாயிரம் குறைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விபத்து நடக்கும்போது ஏர்பேக் விரியுமா என்று தெரியாத வண்டியில் கைக்குழந்தையை உட்கார வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஐ20 ஓனர் போனிலேயே சொல்லிவிட்டார். 2023 தொடக்கத்தில் பரனூர் டோலுக்கு முன்னால் லாரியின் பின்பக்கம் இடித்தது, இடதுபக்கம் போனது, கிளெய்ம் போட்டுச் சரிசெய்தேன் என்று. சொன்னதோடு விடாமல் ஷோரூம் பில்லையும் பழைய பாலிசி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்.

பாலிசியில் பார்க்க வேண்டியது என்.சி.பி. என்று போட்டிருக்கும் இடம். கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. கிளெய்மே இல்லாமல் போனால் அது வருஷாவருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் வந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும். இவருடைய காப்பிகளில் 2022இல் 45, 2023இல் பூஜ்யம், 2024இல் 20. அவர் சொன்ன தேதியோடு சரியாகப் பொருந்தியது, வேறு கிளெய்மும் இல்லை. என்.சி.பி. வண்டிக்குச் சேர்ந்ததல்ல, ஆளுக்குச் சேர்ந்தது. பழைய வண்டியிலிருந்து புதிதுக்கு மாற்றிக்கொள்ளலாம், என்.சி.பி. பாதுகாப்பு என்று தனி ஆட் ஆனும் உண்டு. அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. பில்லோடு சேர்த்து வைத்துப் படித்தால் நல்ல சாட்சி.

அடிபட்ட வண்டி என்றவுடன் பலர் ஓடிவிடுகிறார்கள். எதில் அடிபட்டது என்று கேட்காமல் ஓடுவது நஷ்டம். பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், பானெட், ரேடியேட்டர், கண்டென்சர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றிப் புதிது மாட்டினால் வண்டி பழைய பலத்தோடுதான் இருக்கும். ஏப்ரன் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்), சேசிஸ் லெக் (முன்பக்கம் நீளும் சட்டம்), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கூரை இவற்றில் அடி இறங்கியிருந்தால்தான் ஆபத்து. அவை வெல்டிங்கில் நிற்பவை. அடுத்த மோதலில் முன்னிரண்டும் அடியை வாங்கி மடங்க வேண்டியவை, பின்னிரண்டும் மடங்காமல் நிற்க வேண்டியவை. இழுத்து நிமிர்த்தி பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, பலம் மட்டும் திரும்பாது.

பானெட்டைத் தூக்கி ஏப்ரன் ஓரத்தைப் பார்த்தோம். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் என்றால் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள் இருக்கும். டிங்கரிங் செய்த இடத்தில் அவை மறைந்துபோகும், அல்லது கோணலாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை வைத்ததில் கூரையிலும் பில்லரிலும் 110, 120 மைக்ரான். இடது ஃபெண்டரிலும் கதவிலும் 200ஐ ஒட்டி. அதாவது மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறது, தடியாக பட்டி இல்லை. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தது. எரியவே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். ஏர்பேக் வெடித்தபின் புதிது போடாமல் விளக்கை மட்டும் துண்டித்து விற்கும் கொடுமை நடக்கிறது. கடைசியாக வீல் அலைன்மென்ட் கடையில் விட்டோம். சில நூறு ரூபாய்தான். அளவுகள் எல்லாம் வரம்புக்குள் நின்றன.

எடியோஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 78,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது, டிரைவர் சீட் ஒருபக்கம் அமுங்கியிருக்காது. ஓனர் சம்மதத்தோடு ஷோரூமில் நம்பரைக் கொடுத்துக் கேட்டதில் 2021லேயே 1,64,000. டி போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றிய வண்டி. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும்: டாக்ஸியாக ஓடியது குற்றமில்லை. நெடுஞ்சாலையில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் எஞ்சின் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகும் உழைக்கும். உண்மையான கிலோமீட்டரைச் சொல்லி இரண்டேகால் லட்ச ரூபாய்க்குக் கொடுத்தால் தெம்பாகப் பேசலாம். இங்கே மீட்டரைத் திருத்தியதால் எது எப்போது மாற்றியது என்ற கணக்கே போய்விட்டது. இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் மூன்றும் ஒன்றாகச் செலவு வைத்தால் ஒரு வருஷச் சேமிப்பு போகும். ஆனாலும் ஸ்விஃப்டையும் இதையும் மட்டும் எதிரெதிரே வைத்தால் நான் இதைத்தான் எடுப்பேன். தேய்ந்த பாகத்துக்கு ஒரு விலை உண்டு, மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஆக ஐ20. பெயிண்ட் அடித்ததையும் கிளெய்மையும் சொல்லி 4.05 லட்சத்துக்கு முடித்தோம். மிச்சப் பணத்தில் புது டயர் நான்கு.

பேப்பர் வேலையில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பெயரில் பேங்க் லோன் இருந்தது, அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எச்.பி. (கடன் அடமானம்) என்று காட்டியது. ஓனர் லோனைக் கட்டிமுடித்தும் ஆர்.சி.யில் நீக்காமல் விட்டிருந்தார். ஆட்சேபம் இல்லை என்ற பேங்க் என்.ஓ.சி.யும், அடமானக் குறிப்பை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வந்தபின்தான் மீதிப் பணம் என்று முன்பே பேசிக்கொண்டோம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து வாங்கி நாமே வைத்துக்கொள்வதோடு நின்றுவிடக் கூடாது; பெயர் மாறும்வரை சட்டத்தின் பார்வையில் பழையவரே ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில் விழும் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கும் நமக்கும் சிக்கல் இருக்கிறது. தேர்ட் பார்ட்டி காப்பீடு தானாக நம் பக்கம் வந்துவிடும், சொந்த வண்டிக்கான பாதுகாப்பு வராது. அதற்கு 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சாவி வாங்கிய அன்று மாலையே அவனை உட்கார வைத்து அதை அனுப்பச் சொன்னேன்.