டியூப் மாற்றினால் டோன் கூடும் என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

மதுரையில் கிட்டார் ஆம்ப்பை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு.

அரசரடிப் பக்கம் ஒரு சர்ச் இசைக்குழுவின் 40 வாட் டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி). சத்தம் திடீரென்று பாதியாகும், கரகரக்கும், பிறகு தானே சரியாகும். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "எல்லா டியூபும் போச்சு தம்பி, புது செட் போட்டா டோன் அள்ளும்" என்று நாலு 12ஏஎக்ஸ்7 (சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன ப்ரீஆம்ப் டியூப்), ரெண்டு இஎல்34 (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்) அத்தனையும் மாற்றி 14,000 ரூபாய் வாங்கிவிட்டார். பழைய டியூபுகளைத் திருப்பித் தரவில்லை. கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கோளாறு டியூபிலேயே இல்லை. பின்பக்க எஃபெக்ட்ஸ் லூப்பில் (வெளி எஃபெக்ட் பெட்டிக்குச் சிக்னலை சென்ட் ஜாக்கில் அனுப்பி, ரிட்டர்ன் ஜாக்கில் திரும்ப வாங்கும் இடம்), ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் தகடு கறுத்துப்போயிருந்தது. எதுவும் செருகாதபோது சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் போகும். சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிளைச் செருகிப் பாருங்கள். சத்தம் முழுசாக வந்தால் ஜாக்தான் காரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதைவிட அநியாயம், புது இஎல்34 போட்டுவிட்டு பயாஸ் (வாசிக்காதபோது டியூபில் ஓடும் மின்னோட்ட அளவு) பார்க்காமல் அனுப்பியது. அந்த டியூபின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) தாங்குவது 25 வாட். வாசிக்காமல் சும்மா நிற்கும்போது அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டைத் தாண்டக் கூடாது. பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் டியூபுக்குச் சுமார் 39 மில்லிஆம்பியர். இங்கே அது எகிறி, பிளேட் பழுத்து, ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகி, பியூஸும் போனது. கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி தெரிந்தால் பயமில்லை. பிளேட் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

தேய்ந்த பவர் டியூபை ஜோடியாக மாற்றினால் போன டோன் திரும்பும், அது உண்மை. நன்றாக இருக்கும் ப்ரீஆம்ப் டியூபுக்கு வேறு பிராண்ட் போட்டால் வித்தியாசம் சொற்பம்தான். இன்புட்டை அடுத்த முதல் டியூபில் கொஞ்சம் தெரியும். சந்தேகம் வந்தால் நல்ல 12ஏஎக்ஸ்7 ஒன்று வாங்கி, ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு, ஒவ்வொரு இடமாக மாற்றிப் பாருங்கள். பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் கணீரென்று கேட்கும் டியூபை மட்டும் மாற்றினால் போதும்.

பிராண்ட் பெயருக்கும் மயங்க வேண்டாம். சோவ்டெக், டங்-சோல், இன்று புதிதாக வரும் மல்லார்டு எல்லாம் ரஷ்யாவின் சரடோவில் ஒரே ஆலையில் செய்பவை.

பழைய டியூபுகளைக் கேட்டு வாங்குங்கள். பயாஸ் எத்தனை மில்லிஆம்பியர் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதற்காக ஷாசியை (ஆம்ப்பின் உள் உலோகச் சட்டம்) நீங்களே கழற்றிவிடாதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.