தவிலையும் கொடுத்து 48,000 ரூபாவும் கொடுத்த கதை

கொக்குவில், திருநெல்வேலி, இணுவில் பக்கம் லப்டொப்பில் பீட் செய்துகொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமார் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ.

2024 தை மாதம் இன்ஸ்டாகிராமில் எனக்கொரு மெசேஜ் வந்தது. ஐரோப்பாவில் இருந்து எலெக்ட்ரோனிக் இசை வெளியிடுகிற லேபிளாம். எழுதியவர் எங்கட ஆள்தான், தமிழில்தான் கதைத்தார். "தம்பி, உம்மட தவில் டிராக் கேட்டனான். இப்பிடி ஒண்டு இன்னும் வரேல்லை. நாங்கள் வெளியில விடுறம், நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்." அந்தத் 'தம்பி'யிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

டிராக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்காது. இணுவில், தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊர். என் மாமாவும் அங்கேதான், கோயில் கோயிலாக வாசிக்கிறவர். ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டு விறாந்தையில் தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்து 40 நிமிடம் பதிவு செய்தேன். (மாமி அன்றைக்கு மிக்ஸியைப் போடாமல் இருந்தா. அந்த டிராக்கில் அவவுக்கும் பங்கு இருக்கு.) விரலில் மாட்டுகிற கூடு தோலில் விழுகிற அந்தக் கூர்மை, காசுக்கு விற்கிற எந்த சாம்பிள் பக்கிலும் (தயாராகப் பதிந்து வைத்த ஒலித்துண்டுகளின் தொகுப்பு) கிடைக்காது. நிமிடத்துக்கு 128 அடி போகிற கிக் டிரம், நாலு நாலாக. அதற்கு மேல் மாமாவின் ஏழு ஏழான கோர்வையை வெட்டாமல் ஓடவிட்டேன். 28 அடிக்கு ஒருக்கால்தான் இரண்டும் சமத்தில் வந்து சேரும். அந்த இடத்தைக் கேட்டதும் மாமா ஹெட்போனைக் கழற்றாமலே தொடையில் தாளம் போட்டார்.

சரி, விசயத்துக்கு வருவம். 'மாஸ்டரிங்குக்கும் புரமோஷனுக்கும்' 48,000 ரூபா கேட்டார்கள். மாஸ்டரிங் என்றால் வெளியிட முதல் பாட்டின் ஒலிக்குக் கடைசியாகச் செய்கிற மெருகு. "இது செலவு இல்லைத் தம்பி, முதலீடு." அனுப்பினேன். நாலு நாளில் மாஸ்டர் வந்தது. சத்தம் கூடத்தான் இருந்தது, ஆனால் எனக்கென்னவோ போலிருந்தது. நான் அனுப்பிய மிக்ஸில் சத்தத்தைக் கூட்டுவதற்கென்று 6 டெசிபெல் இடம் விட்டிருந்தேன். அவர்களுடைய ஃபைலின் அளவை 4 டெசிபெல் குறைத்து, அலையைத் தலைகீழாகப் புரட்டி, என்னுடையதோடு சேர்த்து ஓடவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று தின்று வெறும் அமைதி மிஞ்சியது. அதாவது வால்யூமைத் திருகினதைத் தவிர ஒரு மண்ணும் செய்யவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதும் வந்தால் ஒருக்கால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கோ, அஞ்சு நிமிட வேலை. ஆனால் நான் அதைச் செய்து பார்த்தது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு.

ஒப்பந்தம் 9 பக்கம், ஆங்கிலத்தில். போனில் வாசித்து, போனிலேயே விரலால் கையெழுத்து. ஒலிப்பதிவின் உரிமை முழுக்க அவர்களுக்கு, உலகம் முழுக்க, காலவரையறை இல்லாமல். வருமானத்தில் எனக்குப் பாதி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 'செலவு கழித்த பிறகு' என்பது அடுத்த பக்கத்தில். என்ன செலவு என்பதை அவர்களே தீர்மானிப்பார்களாம். 100 டொலர் சேரும்வரை காசு அனுப்பமாட்டார்களாம். வழக்கென்றால் அவர்களுடைய நாட்டு நீதிமன்றத்தில்தான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டைப் படைத்த உடனேயே உரிமை எங்களுக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் பதியத் தேவையில்லை. அப்படிச் சும்மா கையில் வந்ததை நான் விரலால் கீறிக் கொடுத்துவிட்டேன்.

மாசியில் பாட்டு வெளியானது. மூன்று கிழமையில் 38,000 தரம் ஓடியிருந்தது. வீட்டில் கேக் வெட்டாத குறை. பேந்துதான் வடிவாகப் பார்த்தேன்: கேட்டதெல்லாம் நான் கால் வைத்திராத ஒரே நகரத்தில், சேமித்து வைத்தவர்கள் 4 பேர். அந்த 4 பேரில் ஒருவன் என் மச்சான். ஸ்பொட்டிஃபையில் 30 செக்கன் ஓடினால் ஒரு கணக்கு, அதனால் மெஷினைப் போட்டு 30 செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடவிட்டு அடுத்த பாட்டுக்குப் பாய்வார்கள். புரமோஷன் என்றது இதைத்தான். 2024இல் இருந்து இப்படிப் பொய்யாக ஓடவிட்டது பிடிபட்டால் பாட்டை ஏற்றிய தரப்புக்கு அபராதமும் போடுகிறார்கள். சித்திரையில் பாட்டைத் தூக்கிவிட்டார்கள். லேபிள்காரரிடம் கேட்டேன். "அது உம்மட ஆக்கள் யாரோ செய்திருப்பினம், எங்களுக்குத்தான் நட்டம்" என்றார். அபராதமும் என் கணக்கில் செலவாக ஏறியது.

இவ்வளவோடு போயிருந்தால் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வைகாசியில் மாமாவின் மகன் அந்த விறாந்தைப் பதிவைத் தனியாக, வெறும் தவில் மட்டும், யூடியூபில் போட்டான். அடுத்த நாளே வீடியோவை மறித்துவிட்டார்கள். உரிமை கோரியது அதே லேபிள். என் டிராக்கின் நடுவில் கிக் இல்லாமல் ஒரு நிமிடம் தவில் தனியாக வரும். பாட்டை யூடியூபின் கொன்டென்ட் ஐடியில் (பதிந்த பாட்டோடு பொருந்துகிற வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கிற முறை) லேபிள் பதிந்திருந்தபடியால் அந்த ஒரு நிமிடம் பொருந்தியிருக்கிறது.

மாமா போன் எடுத்தார். "தம்பி, என்ர தவிலுக்கு ஆரோ உரிமை கேக்கினமாமே, ஆர் அவை?"

என்ன சொல்ல? மாமாவிடம் ஒரு எழுத்தும் வாங்காமல், அவருடைய 40 நிமிடத்தில் இருந்து எடுத்ததை எனக்கே முழுச் சொந்தம் போல இன்னொருவருக்குக் கொடுத்தது நான்தானே. லேபிள்காரர் செய்தது களவு. நான் மாமாவுக்குச் செய்தது என்ன என்று இன்னும் எனக்குப் பெயர் தெரியவில்லை.

உண்மையில் பாட்டை ஏற்றுவதற்கு லேபிளே தேவையில்லை. வருசத்துக்கு 20, 30 டொலர் வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டும் ஏற்றவிடுகிற சேவைகள் இருக்கின்றன, லேபிள்காரரும் அதைத்தான் பாவித்திருக்கிறார். அவருடைய வருமானம் எங்கட பாட்டில் இருந்து வருவதில்லை, எங்கட 48,000 ரூபாக்களில் இருந்து வருகிறது. என்னைப் போல இன்னும் மூன்று பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன், ஒருவர் வவுனியா. மூன்று பேருக்கும் அதே 9 பக்கம், பெயர் மட்டும் வேறு.

மாமாவின் மகனைக் கொண்டு யூடியூபில் மறுப்புக் கொடுத்தோம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். சொல்லவில்லை, உரிமைகோரல் தானாக விழுந்தது, வீடியோ திரும்ப வந்துவிட்டது. ஏற்றிய சேவைக்கு என் புரொஜெக்ட் ஃபைலையும் விறாந்தையில் எடுத்த பதிவையும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தரம் எழுதியும் 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒரு வரிதான் வந்திருக்கிறது.

போன கிழமை லேபிள்காரருடைய புதுக் கணக்கொன்றைப் பார்த்தேன். லேபிளுக்கு வேறு பெயர், லோகோவில் இப்போது ஒரு பனைமரம். 'ஈழத்து இளம் கலைஞர்களைத் தேடுகிறோம்' என்று போட்டிருக்கிறார். உங்களுக்கும் 'தம்பி' என்றோ 'தங்கச்சி' என்றோ ஒரு மெசேஜ் வந்திருந்தால், காசு அனுப்ப முதல் அந்த ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கோ. 9 பக்கமா என்று பார்த்துச் சொல்கிறேன்.