ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்க உதவிய தரகர்: என் மதிப்பீடு

நாகலூர்ப் பக்கம் மரம் அடர்ந்த சிறு காப்பித் தோட்டம் ஒன்றை என் தம்பியும் நானும் சேர்ந்து வாங்கினோம். இடம் காட்டியவர் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு தரகர். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு தருகிறேன்.

மற்ற தரகர்கள் முதலில் காட்சிமுனைக்குக் கூட்டிப்போய், சேலம் நகரம் தெரிகிறது பாருங்கள் என்பார்கள். இவர் நேராக ஓடைக்கு இறக்கிவிட்டார். "இப்போது ஓடுகிற தண்ணீரை நம்பாதீர்கள் அம்மா. சித்திரை வெயிலில் வந்து பாருங்கள், அப்போதும் ஊறினால்தான் ஊற்று" என்றார். சித்திரையிலும் போய்ப் பார்த்தோம். பாறை இடுக்கில் ஈரம் வற்றவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் எல்லை பார்த்த விதம். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைக் கையில் விரித்துக்கொண்டு, முழங்கால் அளவு சருகைக் கொடுவாளால் விலக்கி, ஒவ்வொரு கல்லாகத் தேடினார். பாசி படிந்த கல்லைச் சுரண்டி, மேலே வெட்டியிருந்த குறியைத் தம்பியின் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கிழக்கு மூலைக் கல் மட்டும் கிடைக்கவில்லை. அரசு நில அளவர் வந்து அளந்து கல் நடும்வரை முன்பணம் கொடுக்கவே விடவில்லை.

விலை மலிவாக இன்னோர் இடமும் வந்தது. மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படைத்த, விற்கக் கட்டுப்பாடு உள்ள நிபந்தனைப் பட்டா நிலம். ஆவணத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார். "அது அவர்கள் மண், நாம் தொடக் கூடாது." இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை யாரிடமும் பரிந்துரைப்பேன்.

ஒரு நட்சத்திரம் குறைந்தது மரக் கணக்கில். தோட்டத்தில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றாலே பாதிப் பணம் திரும்பிவிடும் என்று சொல்லி, விலையை அதற்கேற்ப ஏற்றிப் பேசினார். இது பெரிய தவறு. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பதற்கே முன் அனுமதி தேவை. எங்கள் வழக்கறிஞர் இதையெல்லாம் விளக்கிய பிறகுதான் விலை இறங்கியது. சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்த மரங்களை வெட்ட எப்படி மனம் வரும்? காக்பர்ன் சேலம் ஆட்சியராக இருந்த 1820-களிலேயே காப்பி ஏறிய மலை இது. இங்கே விளையும் அரபிக்கா வகைக் காப்பிக்கு நிழல் வேண்டும், மிளகுக்கொடி பற்றி ஏற மரம் வேண்டும். நிழலை விற்றுவிட்டால் வாங்கிய தோட்டத்தில் என்ன மிஞ்சும்?

வீடு கட்டும் எண்ணம் இருப்பவர்கள் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளையும் முன்கூட்டியே தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். அதிலும் இவர் விவரம் போதாது. தரகு இரண்டு சதவீதம். பத்திரம் பதிவான பிறகே வாங்கிக்கொண்டார், பட்டா மாறுதலுக்கும் கூடவே அலைந்தார்.