"உள்ளே போகுது, அப்புறம் என்ன?" என்று சொல்லி 38-55 ரைஃபிளுக்கு 375 தோட்டா விற்கிறார்கள்

பழைய லீவர் ரைஃபிள் (விசையருகே உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கிச் சந்தையில் கைமாறிய வின்செஸ்டர் 1894 ஒன்று எங்கள் பட்டறை மேசைக்கு வந்தது. எண்கோணக் குழல், அதன் மேல் 38-55 என்ற முத்திரை, அது ஏற்கும் தோட்டாவின் பெயர். கூடவே விற்றவர் கொடுத்த பெட்டி, இருபது தோட்டா, மேலே 375 வின்செஸ்டர் என்று அச்சு. இரண்டும் ஒன்றுதான், நீளத்தைக் கொஞ்சம் குறைத்துப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், அடர்ந்த காட்டில் கருங்கரடிக்கு இதைவிட நல்லது கிடையாது என்று சொல்லி விற்றிருக்கிறார். வாங்கியவர் மூன்று தோட்டா சுட்டார். மூன்றாவதுக்குப் பிறகு லீவர் திறக்க மறுத்தது. அத்தோடு நிறுத்தினாரே, அதுதான் அவர் செய்த நல்ல காரியம்.

அந்த மூன்று வெற்று உறைகளும் பார்க்க வேண்டியவை. உறையின் அடியில் உள்ள தீமூட்டியான பிரைமர் அப்பளம்போல் தட்டையாகி, ஊசி குத்திய குழியைச் சுற்றி விளிம்பு எழும்பி நிற்கிறது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு வளையம். உறை அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்திருக்கிறது. இன்னும் இரண்டொரு தடவை போயிருந்தால் அங்கேதான் கிழிந்திருக்கும். கிழிந்தால் வாயு பின்னால்தான் வரும், சுடுகிறவர் முகத்துக்கு. 50 கஜத்தில் வைத்த அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லை, குண்டு பக்கவாட்டில் படுத்துப் போன நீள வடிவம்.

38-55 கருமருந்துக் காலத்துத் தோட்டா. அதற்கு வகுத்த உச்ச அழுத்தம், செம்பு நசுக்கும் முறையில் அளந்தால், 30,000. 1978-ல் வந்த 375 வின்செஸ்டருக்கு அதே அளவையில் 52,000. அதற்காகவே வின்செஸ்டர் 94 ரைஃபிளின் ரிசீவரை (பூட்டு இயங்கும் உடற்பகுதி) பின்பக்கம் தடிப்பாக்கி 'பிக் போர்' என்று தனியாக வெளியிட்டார்கள். இரண்டுமே தோள்பட்டை இல்லாமல் மெல்லக் கூம்பும் உறைகள், விளிம்பும் ஒன்றே. 38-55 உறை இன்று 2.085 அங்குலம், 375 உறை 2.020. நீளம் குறைந்தது நீளமான சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், தடையில்லாமல் நுழைந்துவிடும். விற்றவர் காட்டிய ஒரே "ஆதாரம்" அந்த நுழைவுதான். தோட்டா உள்ளே போவது வேறு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் பூட்டு அந்த அழுத்தத்தைத் தாங்குவது வேறு. பழைய 1894-ல் 30-30-க்குத்தான் நிக்கல் எஃகுக் குழல் போட்டார்கள். 38-55 தொடக்கத்தில் சாதாரண எஃகில் வந்தது.

"நான் பெட்டி பெட்டியாகச் சுட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். அது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய 38-55 குழல்களில் உட்புறச் சுழல்வரிகளின் பள்ளத்தோடு பள்ளம் அளந்தால் பெரும்பாலும் .379, .380 அங்குலம் வரும். 375-க்கான குண்டோ .375 தான். குண்டைச் சுற்றி வாயு கசிந்து போவதால் அழுத்தம் ஓரளவு இறங்கலாம். குண்டு வரியைப் பிடிக்காமல் புரண்டு போவதும் இதனால்தான். அதை நம்பிச் சுடாதீர்கள். ஒவ்வொரு சூட்டிலும் பூட்டும் அதன் இருப்பிடமும் அடி வாங்குகின்றன. பூட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போவது வெளியே தெரியாது.

சுடுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குழலைத் துடைத்து எண்ணெய் தடவி, குழலைவிடச் சற்றுப் பருத்த மென்ஈய உருண்டையை வாய்ப்பக்கமாக வைத்து, பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டி மறுபக்கம் எடுங்கள். வந்த ஈயத்தில் எழும்பி நிற்கும் வரிகளின் மேல் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். காலிப்பரை நம்பவேண்டாம், இங்கே பேச்சே ஆயிரத்தில் ஐந்து அங்குலத்தைப் பற்றியது. சேம்பரை அளக்க அதற்குள் வார்த்தெடுக்கும் செரோசேஃப் என்ற எளிதில் உருகும் கலப்புலோகம். பூட்டைக் கழற்றி, சேம்பருக்கு முன்னே துணி அடைத்து, 70 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் உருகும் அதை ஊற்றி, அரை மணிக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். அளப்பது ஒரு மணி நேரம் கழித்து. அது முதலில் சுருங்கிப் பிறகு விரியும், ஒரு மணி நேரத்தில்தான் சேம்பரின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். பொறுமையில்லாமல் முன்பே அளந்து தவறான எண்ணை எழுதிவைப்பவர்கள் நிறைய.

காட்டில் 100 கஜத்துக்குள் மான், கருங்கரடி என்றால் நடுத்தரக் குழலில் நேர்மையான தோட்டாக்கள் இருக்கவே இருக்கின்றன. எங்கள் தேர்வு, 1906-லிருந்து இருக்கும் 35 ரெமிங்டன், மார்லின் 336-ல். 200 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு) குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 2,080 அடி. உதையும் தாங்கக்கூடியது. மூஸ் எனும் பெரிய மான்வரை போக வேண்டுமென்றால் 358 வின்செஸ்டர், அதே எடை 2,490 அடியில். ஆனால் தோட்டா தேடி அலைய வேண்டும். 375 வின்செஸ்டரும் நல்ல தோட்டாதான், பிக் போரிலோ மார்லின் 375-லோ போட்டால். தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் கைத்தயாரிப்புக்காரர்களுக்கு ஒன்று: 35 ரெமிங்டனில் விலை மலிவு என்று கைத்துப்பாக்கிக்கான 158 கிரெய்ன் குண்டை வைத்துக் கரடியைச் சுடாதீர்கள். இந்த வேகத்தில் அது தோள் எலும்பிலேயே சிதறிவிடும், விலங்கு காயத்தோடு ஓடிச் சாகும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில் கூர்முனை குண்டு கூடாது என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னே இருக்கும் தோட்டாவின் பிரைமரை அது குத்தும்.

வாங்கும்போது ரசீதில் "சேம்பர் 38-55" என்று எழுதி வாங்குங்கள், எந்தத் தோட்டாவுக்கு ஏற்றது என்பதையும் விற்பவர் கையெழுத்தில். பார்த்துத் திருப்பித் தரும் கெடுவை முன்பே பேசுங்கள். பெரும்பாலும் மூன்று நாள், சுட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். இங்கே வாங்கியவர் சுட்ட பிறகு கேட்டார், "பழைய பொருள், உள்ளபடி விற்றது" என்ற பதிலோடு அனுப்பிவிட்டார்கள். பையில் போட்டு விற்கும் கைத்தயாரிப்புத் தோட்டாக்களை எந்த விலைக்கும் தொடாதீர்கள். 38-55 உறையை வெட்டி 375 ஆக்கியிருப்பார்கள், உறையின் அடியில் உள்ள பெயர் முத்திரை ஒன்று சொல்லும், உள்ளே வேறு இருக்கும்.

அந்த 1894-ன் குழல் .380 அளந்தது. பூட்டின் இடைவெளி இன்னும் வரம்புக்குள் இருக்கிறது. .380-க்கு வார்த்த 255 கிரெய்ன் ஈயக் குண்டு, 1,300 அடி வேகம், மானுக்கு மட்டும், 75 கஜத்துக்குள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். லீவரில் "38-55 மட்டும்" என்று குத்திய பித்தளை வில்லை கட்டியிருக்கிறோம். மீதிப் பதினேழு தோட்டாக்களும் பிக் போர் வைத்திருக்கும் ஒருவரிடம் போய்விட்டன.