1 ஓமா, 2 ஓமா? மைவி காரின் பூட்டில் ஒரு சப்வூஃபர்

ஒரே 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் அடிக்கும் ஸ்பீக்கர்), ஒரே விலை, ஆனால் இரண்டு வகை. இரண்டிலும் உள்ளே இரட்டைக் காயில், அதாவது கம்பிச் சுருள்: ஒன்றில் ஒவ்வொரு சுருளுக்கும் மின்தடை 2 ஓம், மற்றதில் 4 ஓம். ஜாலான் பாசாரில் விசாரித்தபோது முதலில் என் முன்னால் வந்தது 2 ஓம்தான். "1 ஓமுக்கு இறக்கிடலாம் பாஸ், ஆம்ப் முழுசா கக்கும்" என்றார் வயர்மேன். நான் 4 ஓமை எடுத்தேன்.

கணக்கு எளிது. காயில்களைப் பாரலலாக (பக்கம் பக்கமாக) சேர்த்தால் ஓம் பாதியாகும், சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்த்தால் இரட்டிக்கும். ஆக 2 ஓம் வகையில் 1 அல்லது 4. 4 ஓம் வகையில் 2 அல்லது 8. ஒரே சேனல் உள்ள மோனோ ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) 8 ஓம் வீண், பவர் சுருங்கிவிடும். உங்களிடம் இருப்பது பிரிட்ஜ் செய்யும், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஆம்ப் என்றால், அது பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. அங்கே 2 ஓம் வகையை வாங்கி சீரிஸாக இணைப்பதுதான் சரி.

மோனோ ஆம்பில்தான் இழுபறி: 2 ஓம் வகையைப் பாரலலாக்கி 1 ஓமா, 4 ஓம் வகையைப் பாரலலாக்கி 2 ஓமா? என் ஆம்ப் 2 ஓமில் 500 வாட், 1 ஓமில் 800 வாட் என்று போட்டிருக்கிறது. பார்க்கப் பெரிய வித்தியாசம். காதுக்கு வெறும் 2 டெசிபல். பாட்டு ஓடும்போது கவனித்துக் கேட்டால்தான் தெரியும்.

அந்த 2 டெசிபலுக்கு வண்டி கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஓம் இறங்க இறங்க, ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கும் இறங்கும். முழு வேகத்தில் 2 ஓமில் ஏறத்தாழ 48 ஆம்பியர் இழுப்பது, 1 ஓமில் 80ஐத் தாண்டும். ஆம்புக்குள் சூடாக வீணாவதும் இரு மடங்குக்கு மேல். பாட்டு எப்போதும் முழு வேகத்தில் அடிக்காதுதான். ஆனால் மாலை ஆறு மணி ஃபெடரல் ஹைவே ஜாமில் வண்டி நிற்கிறது, ஏர்கோன் ஓடுகிறது, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கிறது. வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் குறைவாகத் தரும் நேரமே அதுதான். பறை அடி விழும்போதெல்லாம் டேஷ்போர்டு விளக்கு கண் சிமிட்டினால் காரணம் இதுவே. நம் ஊர் வெயிலில் பூட் வேறு அடுப்பு. சூடு மீறினால் ஆம்ப் தானாகவே அணைந்துவிடும். 2 ஓமில் அதே ஜாமில் வீடு வந்து ஆம்பைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான், கையை எடுக்க வேண்டியதில்லை.

வயர் செலவும் உண்டு. 2 ஓமுக்கு 4 கேஜ் சுத்தச் செம்பு வயர் போதும். 1 ஓமுக்கு இன்னும் தடிமனாக வேண்டும். தாமிரம் பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போட்டிக்கு வண்டி கட்டுபவர்கள், இரண்டாவது பேட்டரி போடுபவர்கள் 1 ஓமுக்கே போகட்டும், அது வேறு உலகம். நான் கேட்டது மூடிய பெட்டியில் மட்டும். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டிக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஆம்பில் மாட்டும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். 4 ஓம் காயில் தனியாக மூன்றரை வாக்கில் காட்டும், பாரலலில் அதில் பாதி. ஏழு காட்டினால் சீரிஸாகிவிட்டது என்று அர்த்தம். பிளஸ், மைனஸ் மாறியதை மட்டும் மீட்டர் சொல்லாது: ஒரு காயில் தலைகீழாக இருந்தால் கோன் அசையாது, பேஸ் வராது, காயில்கள் மட்டும் சூடாகும். சத்தம் இல்லையே என்று வால்யூமைத் திருகாமல் முதலில் அதைச் சரிபாருங்கள்.