ஊசி போடுவதைச் சொல்வதா, சொல்லாமல் இருப்பதா?

உடல் எடை குறைக்கும் மவுஞ்சாரோ மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி. வாரம் ஒரு ஊசி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், பேனா வடிவிலான அந்த ஊசி இருக்கிறது.

சொல்லாவிட்டால் நிம்மதிதான். கடற்கரைச் சாலையில் "எப்படிம்மா இளைச்சே?" என்று கேட்பவர்களுக்கு "நடக்கிறேன்க்கா" என்றால் போதும். விருந்தில்தான் சிக்கல். இரைப்பை காலியாவதை மருந்து மெதுவாக்குவதால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். வஞ்சிர வறுவலை இலையில் வைத்த அத்தை, நான் தொடாததைப் பார்த்து, "என் கைப்பக்குவம் பிடிக்கலையா?" என்று முகம் வாடினார். எனக்குத் தாங்கவில்லை, அன்றே சொல்லிவிட்டேன்.

சொன்னால், "குறுக்கு வழி" என்று சிலர் பேசுவார்கள். வலிக்கும். ஆனால் அத்தை இப்போது பாதித் துண்டுதான் வைக்கிறார். குமட்டிய நாளில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்.

என்னைக் கேட்டால், வீட்டில் சொல்வதே மேல். தெருவில் அவரவர் விருப்பம். டாக்டரிடம் மட்டும் மறைக்கவே கூடாது. வயிற்றில் தங்கிய உணவு, மயக்க மருந்து கொடுக்கும்போது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அறுவைச் சிகிச்சை என்றால், கடைசி ஊசி போட்ட தேதியோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.