கேக்குக்குக் காபி, ஃப்ரிட்ஜுக்குச் சோடா: எந்த வேலைக்கு எது?

காபியைக் குடிப்பது போக வேறு எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால் பெரிய பட்டியலே கிடைக்கும். ஃப்ரிட்ஜ் நாற்றம் போக்க, செடிக்கு உரம் போட, பாத்திரம் தேய்க்க, துணிக்குச் சாயம் ஏற்ற, மரச்சாமான் கீறலை மறைக்க, கேக்கில் கலக்க, எறும்பை விரட்ட. இவற்றில் முக்கால்வாசி ஓரளவு வேலை செய்யவும் செய்யும். ஆனால் காபி உதவுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதே வேலையைச் சமையல் சோடாவோ உப்போ எலுமிச்சையோ இன்னும் சுலபமாக முடித்துவிடுமா என்றும் பார்க்க வேண்டும். அப்படி எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால், காபி ஜெயிப்பது பெரும்பாலும் அதன் நிறமும் வறுத்த மணமும் தேவைப்படும் இடங்களில்தான். சுத்தம் செய்வதிலும் தோட்டத்திலும் அதற்குக் கிடைத்திருக்கும் பெயர் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். காபி என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் கையில் இருப்பது நான்கு வெவ்வேறு பொருட்கள்: இறக்காத தூள், இறக்கிய டிகாக்‌ஷன், வடிகட்டியில் மிஞ்சும் சக்கை, தண்ணீரில் முழுதாகக் கரையும் இன்ஸ்டன்ட். தூளில் மணமும் எண்ணெயும் அப்படியே இருக்கும். டிகாக்‌ஷனில் நிறமும் புளிப்பும் பெரும்பகுதி காஃபினும் இறங்கிவிடும். சக்கையில் நாரும் எண்ணெயும் நைட்ரஜனும் கொஞ்சம் காஃபினும் தங்கும். ஒரு வேலைக்குச் சக்கை சரியாக வரும், இன்ஸ்டன்ட் வரவே வராது. இன்னொன்றில் நேர் எதிர். குறிப்புகளில் பாதி சொதப்புவதற்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதே காரணம்.

சமையலில் தொடங்கலாம், காபி உண்மையிலேயே மின்னும் இடம் அதுதான். சாக்லேட் கேக்கின் சுவையைத் தூக்கிவிட மூன்று பொருட்களைச் சேர்ப்பார்கள்: உப்பு, வெனிலா, காபி. மூன்றும் செய்வது ஒரே வேலை இல்லை. உப்பு கசப்பை அடக்கி இனிப்பை முன்னால் கொண்டுவரும். வெனிலா மணத்தால் இனிப்பு கூடியதுபோலத் தோன்றவைக்கும். காபியோ சாக்லேட்டின் ஆழத்தையே கூட்டும். கோகோவும் காபியும் இரண்டுமே வறுக்கப்பட்ட கொட்டைகள்; வறுக்கும்போது உண்டாகும் மணப் பொருட்களில் பலவும் இரண்டுக்கும் பொது. அதனால் காபி தனியாகத் தெரியாமல் கோகோவோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு கேக்குக்கு 1 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் போட்டால் சாப்பிடுபவருக்குக் காபி தெரியாது, சாக்லேட் நன்றாக இருக்கிறது என்பார்.

இதையே இன்னும் சரியாகச் செய்ய வழி இருக்கிறது. கோகோவை மாவோடு உலர்வாகச் சலிப்பதற்குப் பதில் ஒரு கிண்ணத்தில் போட்டு, குறிப்பில் சொல்லியிருக்கும் தண்ணீருக்குப் பதிலாகக் கொதிக்கும் காபியை அதன்மேல் ஊற்றிக் கலக்குங்கள். முதலில் கட்டி கட்டியாக மிதக்கும். விடாமல் கலக்கினால் சில நொடிகளில் கட்டி உடைந்து, நிறம் மங்கலான பழுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறி, பளபளவென்று குழம்புபோல் வரும். சூட்டில் கோகோ விரிந்து அதன் மணம் வெளியே வருவதை அந்தக் கிண்ணத்தின்மேல் குனிந்தாலே உணரலாம். ஆறவிட்டுத்தான் முட்டையோடு சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கு டிகாக்‌ஷன் அல்லது இன்ஸ்டன்ட் மட்டுமே. அரைத்த தூளை அப்படியே போட்டால் வாயில் நறநறக்கும். சிக்கரி கலந்ததாக இருந்தால் நிறமும் கசப்பும் கிடைக்கும், மணம் குறையும்.

இறைச்சிக்கு வருவோம். காபி இறைச்சியை மிருதுவாக்கும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காபியின் பிஎச் அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-ஐ ஒட்டியது. அந்த அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால் வித்தியாசம் ஆயிரம் மடங்கு அளவில் நிற்கிறது. மிருதுவாக்கத்தான் வேண்டும் என்றால் பப்பாளிக்காய் இருக்கிறது. அதிலுள்ள பப்பைன் என்ற நொதி புரதத்தையே அறுக்கும். தயிரும் மெதுவாக அந்த வேலையைச் செய்யும். காபி தருவது வேறு ஒன்று: மேற்பரப்பில் கருமையான, கசப்பும் இனிப்பும் கலந்த மொறுமொறுப்பு. நைசாக அரைத்த தூளை உப்பு, மிளகு, கொஞ்சம் வெல்லம் அல்லது சர்க்கரையோடு கலந்து தடவி, மிதமான சூட்டில் சுடும்போது அது அழகாக வரும். நேரடித் தீயில் வாட்டினால் தூள் கருகி வெறும் கசப்பாகிவிடும். ஆக, காபியும் பப்பாளியும் போட்டியாளர்களே இல்லை. முந்தியது தோலுக்கு, பிந்தியது உள்ளுக்கு.

இப்போது நாற்றம். ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் காபிச் சக்கை வைத்தால் நாற்றம் போய்விடும் என்பதற்கு ஆதாரமாக 2012-இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். சாக்கடை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடைக் காபிச் சக்கை உறிஞ்சியது என்பது செய்தி. ஆய்வு உண்மை. ஆனால் அங்கே உறிஞ்சியது வடிகட்டியிலிருந்து எடுத்த சக்கை கிடையாது. சக்கையை ஜிங்க் குளோரைடோடு கலந்து சுமார் 800 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, நுண்துளைகள் நிறைந்த கரியாக மாற்றியிருந்தார்கள். காஃபினிலிருந்து வந்த நைட்ரஜன் அந்தக் கரிக்குக் கூடுதல் பலம் கொடுத்தது. வீட்டுச் சக்கைக்கு அந்தத் துளைகளும் இல்லை, அந்தப் பலமும் இல்லை.

அப்படியானால் ஃப்ரிட்ஜுக்கு எது? கெட்டுப்போன பாலின் புளிப்பு வாடை போன்றவை அமில வகை. அவற்றைச் சமையல் சோடா வேதிவினையால் சமன்படுத்தும். டப்பாவை மூடியபடி வைக்காமல் அகலமான தட்டில் பரப்பினால்தான் காற்று அதன்மேல் படும். மீன் வாடை கார வகை. வினிகரோ எலுமிச்சையோ தொட்ட துணியால் துடைப்பது அதற்கு நல்லது. எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்றே வேண்டும் என்றால் கடையில் விற்கும் செயலூட்டப்பட்ட கரிப் பை. காபி இவை மூன்றுக்கும் பின்னால்தான் வரும், ஏனென்றால் அது பெரும்பாலும் நாற்றத்தின்மேல் தன் மணத்தைப் போர்த்துகிறது. கூடவே திறந்து வைத்த வெண்ணெயும் பாலும் காபி மணத்தை இழுத்துக்கொள்ளும். ஈரச் சக்கையை வைத்தீர்களானால் சில நாட்களில் பூசணம் வேறு. ஷூ, பழைய பெட்டி, கார் போன்ற இடங்களில் மணத்தைப் போர்த்தினாலே போதும் என்பதால், அங்கே நன்றாக உலர்ந்த தூளை ஒரு துணியில் முடிந்து வைப்பது எனக்கும் பிடிக்கும்.

வாசனைத் திரவியக் கடைகளில் மூக்கைத் தெளிவாக்க என்று காபிக்கொட்டைக் கிண்ணம் வைப்பதும் இதே வகை நம்பிக்கைதான். 2011-இல் வெளியான ஒரு சோதனையில் காபிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காற்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். காபிக்குத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை.

பூண்டு நறுக்கிய கைக்கு மட்டும் சக்கையைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அதன் சொரசொரப்பு தேய்க்க உதவுகிறது, எண்ணெய்ப் பசை கையை வறட்டாமல் காக்கிறது, மிச்ச வாடையை மணம் மறைக்கிறது. எலுமிச்சையும் நன்றாக வேலை செய்யும், ஆனால் கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் எரியும்.

பாத்திரம் தேய்க்கச் சக்கை போதுமான அளவு கரடு. அடிப்பிடித்த சட்டியில் கல் உப்பும் அதே வேலையைச் செய்யும். இதில் நான் உப்பின் பக்கம், ஒரே காரணத்துக்காக. உப்பு தண்ணீரில் கரைந்து போய்விடும். சக்கை கரையாது. சிங்க் குழாயின் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கெட்டியாகப் படியும், கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். சக்கை போட்டால் குழாய் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். உடம்புக்குத் தேய்த்துக் குளிப்பதிலும் இதே கதைதான்: சர்க்கரை கரையும், காபி வடிகாலில் தங்கும். முகத்துக்கு இரண்டுமே கொஞ்சம் கரடுதான். வெளிர்நிறக் கல் பதித்த மேடையிலோ ஓடுகளின் இடுக்கிலோ காபி பட்டால் கறையும் பிடிக்கும்.

அந்தக் கறையே மரச்சாமானில் உதவிக்கு வரும். கருநிற மேசையில் விழுந்த வெள்ளைக் கீறலை மறைக்க வால்நட் பருப்பு, ஷூ பாலிஷ், காபி மூன்றையும் சொல்வார்கள். வால்நட்டின் எண்ணெய் மேலோட்டமான கீறலை மட்டும் மங்கவைக்கும். பாலிஷ் உடனே மறைக்கும், ஆனால் நிறம் சரியாகப் பொருந்தாவிட்டால் பட்டை போட்டதுபோல் தெரியும். இன்ஸ்டன்டைச் சில சொட்டு வெந்நீரில் குழைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கீறலுக்குள் மட்டும் தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் நிறம் மரநாருக்குள் இறங்கியிருக்கும். போதவில்லை என்றால் இன்னொரு முறை தடவலாம். இப்படிப் படிப்படியாக நிறத்தை ஏற்ற முடிவதுதான் காபியின் பலம். கடைசியில் கொஞ்சம் மெழுகு. ஆழமான கீறலின் பள்ளத்தை இது நிரப்பாது. வெளிர் மரத்தில் முயற்சிக்கவே வேண்டாம்.

துணிச் சாயத்தில் காபிக்கும் தேநீருக்கும் போட்டி வைத்தால் தேநீர்தான் வெல்லும். தேயிலையின் டானின் பருத்தி இழையைப் பிடித்துக்கொள்ளும், துவைத்தாலும் காபியைவிட நன்றாக நிற்கும். துருத் தண்ணீர் சேர்த்தால் சாம்பலும் கருப்பும்கூடக் கிடைக்கும். காபிச் சாயம் மெல்லிய பழுப்பு. படிகாரத்தில் முன்கூட்டி ஊறவைத்தாலும் நாளாக ஆக வெளிறும். காகிதத்தைப் பழசாகக் காட்டுவதற்குக் காபி போதும். காலாகாலத்துக்கும் இருக்க வேண்டிய ஆவணத்தில் இரண்டையும் தொடாதீர்கள்.

காபியின் எல்லாப் பயன்களிலும் என்னை மிகவும் வியக்கவைப்பது புகைப்படச் சுருளைக் கழுவுவது. 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஸ்காட் வில்லியம்ஸும் அவருடைய மாணவர்களும் இதைச் செய்துகாட்டினார்கள். காபியிலுள்ள காஃபிக் அமிலம், காரக் கரைசலில் சுருளிலுள்ள வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றும். பெயரைப் பார்த்துக் காஃபின் என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டும் வேறு. ‘காஃபினால்’ (Caffenol) என்று பெயர் பெற்ற இந்தக் கரைசலில் பின்னாளில் வைட்டமின் சி-யும் சேர்ந்தது. பரவலாகப் புழங்கும் ஒரு கலவை: 1 லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம்; 20 டிகிரியில் 15 நிமிடம். மலிவான இன்ஸ்டன்ட்தான் இதற்கு நல்லது என்பார்கள், அதில் ரொபஸ்டா கொட்டை அதிகம் என்பதால்.

மெட்டோல், ஹைட்ரோகுயினோன் என்ற ரசாயனங்களால் ஆன, கடையில் கிடைக்கும் டெவலப்பரோடு (சுருள் கழுவும் கரைசல்) ஒப்பிட்டால்? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிவு வேண்டும் என்பவர்களுக்குக் கடைச் சரக்குதான். காஃபினாலில் சுருளுக்கு லேசான பழுப்பு ஏறும், கலக்கும்போது குடலைப் புரட்டும் நாற்றம் வரும், கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரை எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அலமாரியில் இருக்கும் மூன்று பொருட்களால் ஒரு முகம் சுருளில் தெரியவருவதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தோட்டத்தில்தான் காபி ரொம்பவும் தவறாகப் பயன்படுகிறது. மண்ணுக்குப் புளிப்பு ஏற்றும் என்பார்கள். இறக்கும்போதே அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு போய்விடும், சக்கை கிட்டத்தட்ட நடுநிலையில்தான் இருக்கும். நைட்ரஜன் சுமார் 2 சதவீதம் இருப்பது உண்மை, ஆனால் மட்காமல் செடிக்குக் கிடைக்காது. மெல்போர்னில் 2016-இல் வெளியான ஆய்வில் ப்ரோக்கோலி, லீக், முள்ளங்கி, வயோலா, சூரியகாந்தி ஆகியவற்றின் மண்ணில் சக்கையை நேரடியாகக் கலந்தபோது வளர்ச்சி நன்றாகவே குன்றியது. நத்தை விரட்டும் கதைக்கும் மூலம் உண்டு: 2002-இல் ஹவாயில் செய்த சோதனையில் 1 முதல் 2 சதவீதக் காஃபின் கரைசல் நத்தைகளைக் கொன்றது. நாம் குடிக்கும் காபியில் இருப்பதோ 0.05 சதவீத அளவு. எறும்பு விரட்டுவதும் பெரும்பாலும் ஒருநாள் கூத்து.

மட்கிய சாணமோ காய்கறிக் கம்போஸ்டோ இருந்தால் செடிக்கு நேராகப் போட அதுதான் சரி. சக்கையைக் கம்போஸ்டுக்குள் போடுங்கள், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், காய்ந்த இலைகளோடு கலந்து. அங்கே அது அருமையான பண்டம். நாய் வளர்ப்பவர்கள் குவியலை மூடியே வைக்க வேண்டும். சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபின் நாய்களுக்கு விஷம்.

சக்கைக்கு என்னைக் கேட்டால் கம்போஸ்டைவிட நல்ல இடம் ஒன்று உண்டு: சிப்பிக் காளான். வழக்கமாக இதற்கு வைக்கோலை எடுத்து, மற்றக் கிருமிகள் போக வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, ஆறவைக்க வேண்டும். சக்கையோ கொதிநீரில் இறங்கி வந்தது, பாதி வேலை முடிந்த மாதிரி. அன்றன்றைய சக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, ஒரு நாள் வெளியே கிடந்தாலே வேறு பூசணம் முந்திக்கொள்ளும். குறையும் இருக்கிறது: சக்கை கெட்டியாக அமுங்கிக் காற்றை அடைத்துவிடும், வைக்கோல் அப்படிச் செய்யாது. அதனால் இரண்டையும் கலப்பதே உத்தமம். காளான் விதையைச் சேர்த்துப் பையில் கட்டி இருட்டில் வைத்தால், சில வாரங்களில் வெள்ளை இழை கருப்புச் சக்கை முழுவதும் படரும். பிறகு பையைக் கீறி, வெளிச்சமும் ஈரப்பதமும் படும்படி வைக்க வேண்டும். நடுவில் எங்காவது பச்சை நிறம் தட்டினால் அது வேறு பூசணம். அந்தப் பையை உடனே வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள்.